பிஜி படிக்கும்போது வாய் திறந்தால் என்ன ஆகும்?

கேள்வி இதுதான்: கேட்பவர் ஒரு பிஜி, அதாவது மருத்துவ மேற்படிப்பு மாணவர், எம்.டி. இரண்டாம் ஆண்டு. ஐ.சி.யூ.வில் இரவு முழுக்க ஒரே ஒரு பிஜி, அசிஸ்டென்ட் (உதவிப் பேராசிரியர்) போனில் மட்டும். இதை எழுத்தில் கொடுக்கலாம் என்று நினைக்கிறார். "வாயை மூடிக்கிட்டு டிகிரிய வாங்கிட்டுப் போ" என்கிறார்கள் சீனியர்கள். ஃபெயில் போட்டுவிடுவார்களா, ட்விட்டரில் எழுதினால் என்ன ஆகும், பரீட்சை முடியும்வரை பொறுத்திருக்கலாமா என்று கேட்கிறார்.

நான் தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பிஜி தேர்வாளராகவும் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரும் பயப்படும் இடத்தில் ஆபத்து குறைவு, யாரும் கவனிக்காத இடத்தில்தான் அதிகம் என்பது என் அனுபவம்.

ஃபெயில் விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம். தியரியில் யாருடைய பேப்பர் என்று திருத்துபவருக்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் உங்கள் விடைத்தாளை நீங்களே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். 2011இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை உறுதி செய்துவிட்டது. பிராக்டிகலில் நான்கு தேர்வாளர்கள், அதில் இருவர் வெளியிலிருந்து வருபவர்கள். பழிவாங்க வேண்டுமென்றால் இங்கேதான் முடியும். அது எப்படி நடக்கும் என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். மதியச் சாப்பாட்டில் இன்டெர்னல் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "அந்த மூணாவது பையன் கொஞ்சம் ப்ராப்ளம் சார், யூனிட்ல யாருக்கும் அடங்க மாட்டான்" என்பார். எக்ஸ்டெர்னல் தலையை ஆட்டிவிட்டு ரசம் கேட்பார். பெரும்பாலும் அவ்வளவுதான். வெளியூரிலிருந்து வந்தவருக்கு உங்கள் யூனிட் சண்டையில் என்ன அக்கறை? லாங் கேஸை (பரீட்சையில் விரிவாகப் பார்த்துச் சொல்ல வேண்டிய நோயாளியை) ஒழுங்காகப் பிரசன்ட் பண்ணியவனை அந்த ஒரு வாக்கியத்தால் கவிழ்க்க முடியாது. ஆனால் பார்டரில் நிற்பவனைக் கவிழ்க்க முடியும். பிராக்டிகலில் தனியாக 50 சதவீதம் வேண்டும். 48இல் நிற்பவனுக்கு நாலு பேரும் சேர்ந்து கை கொடுப்பது வழக்கம், அந்தக் கை அன்றைக்கு நீளாது. ஆகவே பேசப்போகிறவர் படிப்பில் யாரும் குறை சொல்ல முடியாதபடி இருக்க வேண்டும். இது நியாயமா என்றால் இல்லை. நடைமுறை அப்படித்தான்.

பரீட்சைக்கு முந்தைய மூன்று வருடம்தான் உண்மையான களம். உங்கள் வாழ்க்கை எத்தனை கையெழுத்துகளில் தொங்குகிறது என்று ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். செய்த வேலைகளைப் பதியும் லாக் புக்கில் துறைத்தலைவர் கையெழுத்து வேண்டும். தீசிஸ் தலைப்புக்கும், எத்திக்ஸ் கமிட்டிக்குப் போகும் தாளுக்கும், கடைசிச் சமர்ப்பிப்புக்கும் கைடு கையெழுத்து வேண்டும். வருகைப்பதிவு 80 சதவீதம் என்று சான்று வேண்டும். லீவுக்கும் கான்ஃபரன்ஸ் போவதற்கும் சீஃப் (யூனிட் தலைவர்) கையெழுத்து. இதில் எதையும் யாரும் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் அதற்கு ஒரு தாள் இருக்கும், கோர்ட்டுக்குப் போகலாம். அதனால் தாமதப்படுத்துவார்கள். தீசிஸ் டிராஃப்ட் மேஜையில் மூன்று வாரம் கிடக்கும். நான்காவது வாரம், "டிஸ்கஷன் சரியில்லம்மா, மறுபடி எழுது" என்று திரும்பி வரும், எது சரியில்லை என்று ஒரு கோடுகூட இருக்காது. டூட்டி ரோஸ்டரில் தீபாவளி, பொங்கல் இரண்டும் உங்கள் பேரில் விழும். கேட்டால், "யாராவது பாக்கணும்ல?" என்பார்கள். அதற்கு உங்களிடம் பதில் இருக்காது.

சர்ஜரி, ஆர்த்தோ, மகப்பேறு போன்ற துறைகளில் இன்னொன்று உண்டு. இதைப் பற்றி யாரும் வெளியே பேசுவதில்லை, எனக்குத் தெரிந்து மிகக் கொடுமையானது இதுதான். கேஸ் கொடுக்க மாட்டார்கள். தியேட்டரில் உங்கள் பெயர் லிஸ்டில் இருக்கும், கை கழுவி கௌன் போட்டு நிற்பீர்கள், அறுத்த இடத்தை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டே மூன்று வருடம் ஓடிவிடும். கூட சேர்ந்தவன் ஹெர்னியாவைத் தனியாக முடிக்கும்போது நீங்கள் தோலைத் தைத்துக்கொண்டிருப்பீர்கள். லாக் புக்கில் "அசிஸ்டெட்" என்று எண்ணிக்கை நிறைவாகவே இருக்கும். எம்.எஸ். பட்டமும் கிடைத்துவிடும். வெளியே வந்து சின்ன ஊரில் நடு இரவில் ஒரு வயிற்றைத் திறக்க வேண்டி வரும்போதுதான் என்ன பறிபோனது என்று தெரியும். இதற்குப் புகார் எழுத முடியாது, இழப்பீடும் கிடையாது. எம்.டி. படிக்கும் உங்களுக்கு இந்த ஆபத்து குறைவு. புரொசீஜர்களில் ஓரம் கட்டுவார்கள், அவ்வளவே.

ஆறுதலாக ஒன்று. நம் ஊரில் அடுத்த படிப்புக்கு நீட் எஸ்.எஸ். (சூப்பர் ஸ்பெஷாலிட்டி நுழைவுத் தேர்வு) மதிப்பெண்தான் வழி. சீஃபின் சிபாரிசுக் கடிதத்தை யாரும் கேட்பதில்லை. ஒரு துறைத்தலைவரின் கோபம் பெரும்பாலும் மூன்று வருடத்தோடு காலாவதியாகிவிடும். அமெரிக்காவில் அப்படியில்லை. புரோகிராம் டைரக்டரின் கடிதம் ஃபெலோஷிப், வேலை, லைசென்ஸ் என்று எங்கே போனாலும் கூடவே வரும். இங்கே பின்தொடர்வது ஒரு போன்கால்தான். தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போகும்போது, "பையன் எப்படி சார்?" என்று யாராவது கேட்பார்கள். துறை எவ்வளவு சின்னதோ அந்தப் போன்காலுக்கு அவ்வளவு பலம்.

அடுத்து, நீங்கள் சர்வீஸ் பிஜியா, நான்-சர்வீஸா? இதை நீங்கள் சொல்லவில்லை. ஆனால் பதிலில் பாதி இதைப் பொறுத்தது. சர்வீஸ் பிஜி என்றால் நீங்கள் அரசு ஊழியர். 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகள் உங்களுக்குப் பொருந்தும். அரசைக் குறை சொல்லிப் பத்திரிகையிலோ பொதுவெளியிலோ பேசினால் 17(பி) மெமோ, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு, வீடு தேடி வரும். மெமோ நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் நிற்காது. 2019 அக்டோபர் கடைசியில் அரசு மருத்துவர்கள் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தது நினைவிருக்கும். அதில் முன்னால் நின்றவர்களைத் தூர தூர மாவட்டங்களுக்குத் தூக்கி அடித்தார்கள். அந்த இடமாற்றங்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் ரத்து செய்தது. தீர்ப்பு நல்ல தீர்ப்பு. அதுவரை குடும்பம் ஓர் ஊரில், தான் ஓர் ஊரில் என்று அலைந்த மாதங்களை யார் திருப்பிக் கொடுப்பது?

நான்-சர்வீஸ் என்றால் மெமோ பயம் இல்லை, பாண்டு இருக்கிறது: படித்து முடித்து அரசுக்கு வேலை பார்க்க வேண்டும், இல்லையென்றால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம். இரண்டு வருடம், 40 லட்சம் என்று இருந்ததை 2023இல் ஒரு வருடம், 20 லட்சம் என்று குறைத்தார்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் கல்லூரியில் இருக்கும். "பிடிக்கவில்லை, போகிறேன்" என்று எழுந்து போக முடியாதவனிடம் யாரும் பணிவாகப் பேச வேண்டிய அவசியம் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

பாண்டுக் காலத்துப் போஸ்டிங்கும் ஓர் ஆயுதம். கொல்கத்தா ஆர்.ஜி.கர். மருத்துவக் கல்லூரியில் 2024 ஆகஸ்ட் 9 அன்று பயிற்சி மருத்துவர் ஒருவர் கொலை செய்யப்பட்ட பிறகு எழுந்த போராட்டத்தில் ஜூனியர் டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு சொல், "த்ரெட் கல்ச்சர்". எதிர்த்துப் பேசினால் பரீட்சையில் பார்த்துக்கொள்வோம் என்று ஒரு கூட்டம் மிரட்டிவந்ததாக அவர்கள் குற்றம் சாட்டினார்கள். மக்கள் திரண்டார்கள், உண்ணாவிரதம் நடந்தது, நாடே பார்த்தது. 2025 மே மாதம் சீனியர் ரெசிடென்ட் போஸ்டிங் வந்தபோது போராட்டத்தின் முகங்களாக இருந்த அனிகேத் மஹாதோ, தேபாசிஸ் ஹல்தார், அஸ்ஃபாகுல்லா நய்யா மூவருக்கும் கவுன்சலிங்கில் எடுத்த இடம் கிடைக்கவில்லை, வேறு ஊர் போட்டிருந்தது. அனிகேத் கல்கத்தா உயர் நீதிமன்றம் போய் ஜெயித்தார். அவ்வளவு வெளிச்சத்தில் நின்றவர்களுக்கே இப்படி என்றால், ஒரு மாவட்டத் தலைநகரக் கல்லூரியில் தனியாக நிற்பவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. நாம் எல்லோரும் கட்டுப்பட்டிருக்கும் 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகளில் 1.7 என்று ஒரு பிரிவு உண்டு. சக மருத்துவர்களின் திறமையின்மை, ஊழல், நேர்மையற்ற நடத்தை ஆகியவற்றை அச்சமோ சலுகையோ இல்லாமல் மருத்துவர் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது அது. வெளிப்படுத்தியவரை யார் காப்பாற்றுவது என்று அடுத்த வரி இல்லை. ஊழலை அம்பலப்படுத்துவோரைப் பாதுகாக்க 2014இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது, குடியரசுத் தலைவர் கையெழுத்தும் போட்டார், இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.

சட்டம் ஒழுங்காக இருக்கும் நாட்டிலும் பயிற்சி மருத்துவர் சந்து வழியே விழுந்துவிட முடியும். லண்டனில் கிறிஸ் டே என்ற பயிற்சி மருத்துவர் 2014 ஜனவரியில் உலிச் குயின் எலிசபெத் ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி பார்த்தார். உங்கள் பிரச்சினையேதான் அவருக்கும். ஐ.சி.யூ.வில் இரவில் போதிய மருத்துவர்கள் இல்லை, இது நோயாளிக்கு ஆபத்து என்று சொன்னார். அதன் பிறகு நடந்ததில் அவருடைய பயிற்சி எண் பறிபோனது, அதாவது ஸ்பெஷலிஸ்ட் ஆகும் பாதையே அடைபட்டது. தகவல் சொன்னதற்காகத் தண்டிக்கப்பட்டேன் என்று வழக்குப் போட்டார். பயிற்சியை நடத்திய ஹெல்த் எஜுகேஷன் இங்கிலாந்து, "நாங்கள் இவருக்கு முதலாளியே இல்லை, சம்பளம் கொடுப்பது ஆஸ்பத்திரி. ஆகவே அந்தச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது" என்று வாதிட்டது. இரண்டு கட்ட நீதிமன்றங்களில் அந்த வாதம் எடுபட்டது. 2017 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளி, வழக்கைத் திருப்பி அனுப்பியது. அந்தத் தீர்ப்பால் இங்கிலாந்தின் ஜூனியர் டாக்டர்கள் எல்லோருக்கும் பாதுகாப்பின் கதவு திறந்தது. அவர் மட்டும் ஸ்பெஷலிஸ்ட் பாதைக்குத் திரும்பவில்லை.

அந்த "நீ யாருடைய ஆள்?" என்ற கேள்விதான் இங்கும் நம்மை உதைக்கிறது. வேலை நேரம் பற்றிப் பேசினால், "நீ ஸ்டூடண்ட், கத்துக்கத்தான வந்திருக்க?" என்பார்கள். லீவு கேட்டால், "ஆஸ்பத்திரிய யாரு பாக்கிறது, ஸ்டைபண்ட் வாங்குறல்ல?" என்பார்கள். ஒரே ஆள் காலையில் மாணவர், மாலையில் ஊழியர், எது அவர்களுக்கு வசதியோ அது.

பெண் பிஜிகளுக்கு ஒரு விஷயத்தில் மட்டும் சட்டம் நிஜமாகவே பல்லோடு இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் விதிகளில் எட்டாவது விதியைப் படியுங்கள். விசாரணை நடக்கும்போதே, குற்றம் சாட்டப்பட்டவர் புகார் கொடுத்தவரின் பணி அறிக்கையை எழுதக் கூடாது, கல்வி நிறுவனமாக இருந்தால் அவருடைய படிப்பு சம்பந்தமான எதையும் மேற்பார்வை பார்க்கக் கூடாது என்று உள்ளகக் குழு பரிந்துரைக்க முடியும். கைடை மாற்றச் சொல்லலாம், இன்டெர்னல் தேர்வாளராக அவரை வைக்க வேண்டாம் என்று கேட்கலாம். புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம் நீட்டிப்பார்கள். இந்த ஒரு விதியை எல்லா வகைப் புகாருக்கும் பொருந்தும்படி எழுதியிருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டீர்கள்.

சீனியர்களின் கொடுமை என்றால் ராகிங் விதிகள் பிஜிக்கும் பொருந்தும். 1800-180-5522 என்ற எண் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. மும்பை நாயர் மருத்துவமனையில் மகப்பேறு பிஜி படித்த பாயல் தட்வி 2019 மே 22 அன்று உயிரை விட்டபோது, தாங்கள் முன்பே முறையிட்டிருந்ததாகக் குடும்பத்தினர் சொன்னார்கள். அவர் பழங்குடிச் சமூகத்திலிருந்து வந்தவர். வாயால் சொன்ன புகார் வராண்டாவைத் தாண்டுவதில்லை. எழுதிக் கொடுத்து நகலில் ஆபீஸ் சீல் வாங்கினால்தான் அது புகார்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுத நினைப்பது இப்படி இருக்கும் என்று ஊகிக்கிறேன்: "ஐ.சி.யூ.வில் இரவில் சீனியர்கள் யாரும் வருவதில்லை. நோயாளிகள் கவனிப்பாரற்று இறக்கிறார்கள். இந்த அவலநிலையை மாற்ற வேண்டும்." இதை அனுப்பினால் துறையில் உள்ள எல்லா அசிஸ்டென்ட்டும் ஒரே நாளில் உங்களுக்கு எதிரி. "யார் இறந்தது, ஆதாரம் எங்கே?" என்ற கேள்வியில் நீங்கள்தான் கூண்டில் நிற்பீர்கள்.

அதையே இப்படி எழுதுங்கள்: "ஐயா, இந்த மாதம் எனக்கு ஒதுக்கப்பட்ட இரவு டூட்டிகளில் ஐ.சி.யூ.வில் பணியில் இருந்தது நான் மட்டுமே. வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கையைத் தேதிவாரியாகக் கீழே கொடுத்துள்ளேன். குறிப்பிட்ட ஓர் இரவில் இரண்டு நோயாளிகளுக்கு ஒரே நேரத்தில் இன்ட்யூபேஷன் தேவைப்பட்டது. அப்படியான நேரத்தில் நான் யாரை அழைக்க வேண்டும், அவர் எவ்வளவு நேரத்தில் வருவார் என்பதை எழுத்தில் தெரிவித்தால் உதவியாக இருக்கும்." யார் மீதும் குற்றம் இல்லை. தேதி, எண்ணிக்கை, ஒரு வேண்டுகோள். இந்தத் தாள் துறைத்தலைவர் மேஜைக்குப் போன பிறகு, நாளைக்கு ஏதாவது நடந்தால், "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. அது அவருக்குத் தெரியும். அதனால்தான் இப்படிப்பட்ட கடிதத்துக்குச் சில நாளில் பதில் வந்துவிடுகிறது, மற்றதற்கு மெமோ வருகிறது. இது உங்களுக்கும் காப்பு. ஏதாவது விபரீதம் நடந்தால் முதலில் தேடுவது டூட்டி பிஜியைத்தான்.

துறைத்தலைவரைத் தாண்டி டீனுக்கு நேராகப் போகாதீர்கள். முதல் கடிதம் துறைத்தலைவருக்கு, பதில் இல்லையென்றால் அதைக் குறிப்பிட்டு மருத்துவக் கண்காணிப்பாளருக்கும் டீனுக்கும். நம் ஊரில் "தலைக்கு மேல போனான்" என்பது சொன்ன விஷயத்தைவிடப் பெரிய குற்றம்.

தனியாகக் கையெழுத்துப் போட வேண்டாம். அந்த ஐ.சி.யூ.வில் சுற்றும் பிஜிக்கள் எல்லோரும் போடட்டும், அகரவரிசையில். முதல் பெயர் யாருடையதோ அவர்தான் தலைவர் என்று முடிவு கட்டுவார்கள், அகரவரிசை என்றால் ஆனந்துக்கும் அருணுக்கும் மட்டும்தான் கஷ்டம். கூட்டமாக நின்றால் என்ன ஆகும் என்பதற்குச் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியைப் பாருங்கள். அரசு எடுத்து நடத்தும் கல்லூரியில் தனியார் அளவுக்குக் கட்டணமா என்று 2020 டிசம்பரில் மாணவர்கள் உட்கார்ந்தார்கள். விடுதியை மூடினார்கள், அப்போதும் எழவில்லை. 2021 ஜனவரி கடைசியில் கல்லூரியைச் சுகாதாரத் துறைக்கு மாற்றி அரசு ஆணை வந்தது. தனி ஒருவர் கேட்டிருந்தால் அது நடந்திருக்காது, அவர் படிப்பையும் முடித்திருக்க மாட்டார்.

வேலை நேரம் பற்றி எழுதுவதானால் விதியைச் சொல்லி எழுதுங்கள். 1992ஆம் ஆண்டு மத்திய ரெசிடென்சி திட்டம் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் சாதாரணமாக வேலை வாங்கக் கூடாது, வாரம் 48 மணி நேரம் என்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு முதுநிலைக் கல்வி விதிகள் வாரம் ஒரு நாள் விடுப்பும் வருடத்துக்கு 20 நாள் தற்செயல் விடுப்பும் தருகின்றன. வேலை நேரம் மட்டும் "நியாயமான" அளவு என்று எழுதி நிறுத்திவிட்டார்கள், எத்தனை மணி என்று இல்லை. ஆணையம் அமைத்த மனநலக் குழு 2024இல் வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. வெறும் பரிந்துரைதான், ஆனாலும் கடிதத்தில் போட்டால் எடை கூடும்.

ட்விட்டர், இன்ஸ்டாகிராம்: வேண்டாம். உங்கள் மேல் நடவடிக்கை எடுக்க அவர்களிடம் காரணம் இல்லாதபோது நீங்களே காரணம் எழுதிக் கொடுப்பதுதான் அது. ஆந்திராவின் நர்சிப்பட்டினம் மயக்க மருந்து நிபுணர் சுதாகர் 2020 ஏப்ரலில் முகக்கவசம் இல்லை என்று கேமரா முன்னால் சொன்னார். சொன்னது உண்மையா என்பதைப் பேசுவதற்கு முன்பே சஸ்பென்ஷன் வந்தது. அடுத்த மாதம் விசாகப்பட்டினத்தில் போலீஸ் அவரைக் கைகளைக் கட்டி இழுத்துப் போனதை நாடே பார்த்தது. அவர் அரசுப் பணியில் அனுபவம் உள்ள டாக்டர், பயிற்சி மருத்துவர்கூட இல்லை. கேஸ் ஷீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது அதைவிட மோசம். நோயாளியின் ரகசியத்தை மீறியவர் என்ற பட்டம் ஒட்டிக்கொண்டால் நீங்கள் சொன்ன உண்மை எதையும் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். தனிக் குறிப்பேட்டில் தேதி, நேரம், எத்தனை பேர், யாரை அழைத்தேன், எப்போது வந்தார் என்று மட்டும் எழுதி வையுங்கள், நோயாளி பெயர் வேண்டாம். பேட்ச் குரூப்பில் சீஃபைக் கிண்டல் பண்ணிப் போடும் மீம்களும் ஒருநாள் ஸ்க்ரீன்ஷாட்டாக அவர் மேஜைக்குப் போகும். போடுவது உங்கள் நண்பராகவே இருப்பார்.

பரீட்சை முடியும்வரை காத்திருக்கலாமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஸ்டைபண்ட் தாமதம், லீவு, விடுதிச் சாப்பாடு, சீஃபின் வாய் எல்லாம் காத்திருக்கலாம், அல்லது சங்கம் வழியாகப் போகட்டும். பட்டம் கைக்கு வந்த பிறகு பேசினால் யாரும் உங்களைக் கோழை என்று சொல்லப்போவதில்லை. நோயாளி உயிர் சம்பந்தப்பட்டது காத்திருக்க முடியாது, ஏனென்றால் அங்கே பேசாமல் இருப்பதிலும் உங்களுக்கு ஆபத்து இருக்கிறது. உங்கள் ஐ.சி.யூ. விஷயம் இந்த வகை. லாக் புக்கில் பாக்கி இருக்கும் கையெழுத்துகளை முதலில் வாங்கிவிடுங்கள், தீசிஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று கைடுக்கு ஒரு மெயில் போட்டுத் தேதியோடு பதிவு செய்துகொள்ளுங்கள். கூட டூட்டி பார்ப்பவர்களில் நாலு பேராவது கையெழுத்துக்குச் சம்மதித்தால் கடிதத்தை இந்த வாரமே கொடுங்கள். ஒருவரும் வரவில்லை என்றாலும் கொடுங்கள், கடைசி வாக்கியத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் பணிவாக்கி.